கடல் கொண்ட வீரனுக்கு ஒரு கைந்நீர்

போருக்குச் சென்ற மகன் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அவனுக்குக் கடன் கழிப்பது எவ்வாறு? ஈமக்கடன் செய்ய ஒருவரும் இல்லாத வீரனுக்கு நீர் வார்ப்பவர் யார்? மகாபாரத காலம் முதல் நம் முன்னோர் எண்ணிப் பார்த்து விடை கண்ட கேள்விகள் இவை. சௌராஷ்டிரக் கடற்கரையில் நிற்கும் ஒரு நினைவுச் சின்னம் அவற்றை மீண்டும் நினைவூட்டுகிறது.

அலைகள் செய்யும் அபிஷேகம்

சௌராஷ்டிரத்தின் தென்கோடியில், நிலப்பகுதியை ஒட்டி அமைந்த சிறு தீவு தியூ. நெடுங்காலம் போர்த்துக்கீசியர் வசம் இருந்து, 1961 டிசம்பரில் பாரதத்தோடு இணைந்தது. இங்கே ஃபுதம் என்னும் சிற்றூரின் கடலோரப் பாறைகளுக்கிடையே கங்கேஸ்வர் மகாதேவர் எழுந்தருளியிருக்கிறார். ஐந்து சிவலிங்கங்கள், வனவாச காலத்தில் பஞ்சபாண்டவர் ஐவரும் தத்தம் உருவுக்கேற்ற அளவில் பிரதிஷ்டை செய்து வழிபட்டவை என்பது தல மரபு. கடல் ஏறும் நேரத்தில் அலைகள் பாறையைக் கடந்து வந்து லிங்கத் திருமேனிகளை நனைத்து மீள்கின்றன. குடமுழுக்குக்கு நாள் பார்க்க வேண்டிய தேவை இல்லாத சந்நிதி. அனுதினமும் சமுத்திர ராஜனே அபிஷேகம் செய்கிறான்.

அதே தீவில் சக்ர தீர்த்தம் என்னும் கடற்கரை உண்டு. கடலில் தோன்றியவனான சலந்தராசுரனின் பெயரோடு தொடர்புடைய சிறு கோயில் ஒன்றும் அங்கே இருக்கிறது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான திருவிற்குடியைத் தரிசித்தவர்களுக்குச் சலந்தர வதத்தின் வரலாறு புதிதன்று. கடலில் பிறந்தவனின் பெயரைத் தாங்கிய அந்தக் கரையில்தான், கடலில் மறைந்தவர்களுக்கான நினைவுச் சின்னமும் நிற்கிறது. கரையோர மேட்டின் மேல், கண்ணாடிப் பேழைக்குள் வைத்த ஒரு போர்க்கப்பலின் சிறு வடிவம் அது. கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். குக்ரி.

கார்த்திகைத் தேய்பிறையில் ஓர் இரவு

1971 டிசம்பர் மாதத்துப் போரை இன்றைய முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். வானொலிப் பெட்டியைச் சுற்றி வீடே அமர்ந்திருந்த நாள்கள் அவை. டிசம்பர் 3ஆம் நாள் மேற்கு எல்லையிலும் போர் மூண்டது. கடற்படையின் பங்கும் அப்போரில் பெரிது.

தியூவுக்கு அப்பாலுள்ள கடற்பரப்பில் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நடமாடுவது தெரியவந்ததும், அதைத் தேடி அழிக்க குக்ரியும் அதன் துணைக்கப்பலான கிர்பானும் அனுப்பப்பட்டன. கூர்க்கர்களின் வளைந்த கத்தியின் பெயர் ஒன்றுக்கு. சீக்கியர்கள் தரிக்கும் குறுவாளின் பெயர் மற்றொன்றுக்கு.

டிசம்பர் 9, கார்த்திகை மாதத்துத் தேய்பிறை நாள். இரவு 9 மணியை நெருங்கும் வேளையில், தியூவிலிருந்து ஏறத்தாழ 40 கடல்மைல் தொலைவில், ஹாங்கோர் என்னும் அந்த நீர்மூழ்கி எய்த நீரடிக் கணை குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. கீழ்த்தளங்களில் பணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர்க்கு மேலேறி வரவும் அவகாசம் கிடைக்கவில்லை.

கப்பலின் தலைவர் மகேந்திர நாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர், வயது 45. கப்பலைக் கைவிட்டு வெளியேறுமாறு வீரர்களுக்கு ஆணையிட்ட அவர், தம்முடைய உயிர்காப்பு மிதவையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, கடைசிவரை கப்பலிலேயே இருந்து அதனோடு கடலுக்குள் மறைந்தார் என்று உயிர்பிழைத்தவர்கள் உரைத்தனர். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்றிரவு கடலுக்கு இரையாயினர். மொத்தம் 194 பேர். மறுநாள் கச்சல் என்னும் கடற்படைக் கப்பல் 67 பேரை மீட்டது. விடுதலைக்குப் பின் பாரதக் கடற்படை போரில் பறிகொடுத்த போர்க்கப்பல் இது ஒன்றே.

டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் எதிரிப்படை சரணடைந்தது. நாடெங்கும் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். குக்ரி மூழ்கி அன்றைக்கு ஏழு நாள்களே ஆகியிருந்தன. வெற்றி முரசு ஒலித்தபோது, அந்த 194 வீடுகளில் பத்தாம் நாள் காரியத்துக்குரிய நாளும் வந்திருக்கவில்லை.

நிலைப்படியில் நின்ற தாய்

கப்பற்படை வீரன் என்றதும் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் மாலுமிகளில் பலர் கடலையே கண்டிராத சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். ஏரியிலும் கிணற்றிலும் நீந்தப் பழகியவர்கள். பயிற்சிக்குப் போன பிறகே கடலை முதன்முதலாகக் கண்டவர்கள். மாதந்தோறும் அவர்கள் அனுப்பிய பணவிடையில் தங்கையின் திருமணமும், தம்பியின் படிப்பும், அடமானத்தில் இருந்த நிலத்தின் மீட்பும் அடங்கியிருக்கும்.

அத்தகைய வீட்டுக்குத் தந்தி வருகிறது. நிலத்தில் போரிட்டு மாண்டவனாயின் உடல் வரும். இல்லையேல் அஸ்தியாவது வரும். அதுவும் இல்லையேல் இன்ன இடத்தில் தகனம் நடந்தது என்ற செய்தியாவது வரும். கடலில் மறைந்தவன் வீட்டுக்கு வருவது ஒரு சொல் மட்டுமே: காணவில்லை.

அந்தச் சொல்லில் ஒரு கொடுமை உண்டு. அது இறந்தான் என்றும் சொல்லாது, இருக்கிறான் என்றும் சொல்லாது. நீந்திக் கரையேறியிருப்பான், மீனவர் எவரேனும் மீட்டிருப்பர், பகைவர் சிறையில் இருப்பான் என்றெல்லாம் தாயுள்ளம் கணக்குப் போடும். மனைவியோ பொட்டு வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று கண்ணாடியின் முன் நின்று தவிப்பாள். வயது முதிர்ந்த தந்தை, மகன் தமக்குச் செய்ய வேண்டிய கடனைத் தாம் மகனுக்குச் செய்ய நேர்ந்ததே என்று நடுங்குவார். செய்துவிட்டால் அவன் இறந்தான் என்று தம் வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்றும் அஞ்சுவார். துக்கத்தை அழுது தீர்க்கவும் வழியில்லாத நிலை அது.

சாஸ்திரம் காட்டிய வழி

இந்தத் தவிப்பைத் தர்ம சாஸ்திரம் கண்டுகொள்ளாமல் விடவில்லை. கடல் கடந்தோ, காட்டு வழியிலோ, யாத்திரையிலோ சென்று செய்தியற்றுப் போனவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். அவர்களை உத்தேசித்து விதிகள் வகுக்கப்பட்டன.

முதலாவது, காத்திருத்தல். மறைந்தவனைப் பற்றி எச்செய்தியும் இல்லையெனில் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து அதன்பின் கிரியை செய்யலாம் என்பது பெருவழக்கான விதி. இக்காலச் சட்டமும் இதையொட்டியே ஒரு காலவரம்பை வைத்தது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையெனில் அவர் இறந்ததாகக் கொள்ள 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இடமளித்தது. போரில் கப்பல் மூழ்கியது உறுதியாகத் தெரிந்த இடத்தில், ஐயத்துக்கு வழியில்லாதபோது, இவ்வளவு காத்திருப்புத் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, உடல் அமைத்தல். உடல் கிடைக்காதவர்க்குத் தர்ப்பையாலும் பலாச இலைக் காம்புகளாலும் மனித உருவம் சமைத்து, அதற்கே தகனம் முதலான சடங்குகளைச் செய்ய வேண்டும் என்று கருட புராணமும் கிரியை நூல்களும் கூறுகின்றன. மனித உடலின் எலும்புகள் 360 என்பது பழைய கணக்கு. அதற்கேற்ப 360 பலாசக் காம்புகள். தலைக்கு ஒரு தேங்காய். கடல் திருப்பித் தராத உடலைக் குடும்பத்தார் தம் கையால் அடுக்கி அமைத்து, மான் தோலில் கிடத்தி, முறைப்படி வழியனுப்புகிறார்கள். அகால மரணமுற்றவர்க்காகச் செய்யும் நாராயண பலியும் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

இதன் உட்பொருள் ஆழமானது. அந்தக் காம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது, இத்தனை நாள் நிலைகொள்ளாது அலைந்த மனம் ஓரிடத்தில் நிற்கிறது. இது தலை, இது தோள், இது கால் என்று வைத்து முடிப்பதற்குள் உண்மையை ஏற்கும் வலிமை மெல்ல வருகிறது. இறந்தவனுக்கு நற்கதியும், இருப்பவர்க்கு ஆறுதலும் ஒரே கிரியையில் கிட்டுகின்றன.

மூன்றாவது விதி வியப்புக்குரியது. இவ்வளவும் முடிந்த பின் அவன் உயிரோடு திரும்பி வந்துவிட்டால்? அதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. அவனை நெய்யில் மூழ்குவித்து நீராட்டி, அன்று பிறந்த குழந்தையாகவே கருதி, ஜாதகர்மம் முதலாக எல்லாச் சம்ஸ்காரங்களையும் மீண்டும் செய்து, மனைவியோடு மறுபடி மணமும் முடித்து வைக்க வேண்டும். கிரியை செய்துவிட்டால் மகன் வரும் வாசலை அடைத்துவிட்டோமோ என்று அஞ்சும் தாய்க்கு இதைக் காட்டிலும் பெரிய ஆறுதல் வேறென்ன இருக்க முடியும்? சாஸ்திரம் கதவைச் சாத்தியது, தாழிடவில்லை.

தருமர் இட்ட கட்டளை

மகனோ, தம்பியோ, தந்தையோ இருக்கும் வீட்டுக்கு இவ்விதிகள் போதும். ஒருவரும் இல்லாதவனுக்கு?

குருக்ஷேத்திரப் போர் முடிந்த மறுநாள் எழுந்த கேள்வியே இதுதான். ஸ்திரீ பர்வத்தில் அக்காட்சி வருகிறது. நூறு மக்களை இழந்த திருதராஷ்டிரர் தருமபுத்திரரிடம் கேட்கிறார்: சுற்றத்தார் உள்ளவர்களுக்கு அவரவர் செய்வர், கேட்பாரற்றுக் கிடப்பவர்க்கு யார் முறைப்படி தகனம் செய்வது?

தருமர் தயங்கவில்லை. குலகுருவான தௌமியர், விதுரர், சஞ்சயன், யுயுத்சு, தேரோட்டியான இந்திரசேனன் முதலியோரை அழைத்தார். ஒருவர் உடலும் அநாதையாக அழியலாகாது என்று கட்டளையிட்டார். சந்தனமும் அகிலும் நெய்யும் பட்டும் கொணரப்பட்டன. மன்னர்களுக்குத் தனித்தனியே சிதை அடுக்கினார்கள். பல தேசங்களிலிருந்து படையில் சேர்ந்து வந்து, ஊரும் பேரும் தெரியாமல் மாண்டு கிடந்த எண்ணற்ற எளிய வீரர்களை ஒருசேரத் திரட்டி, நெய் வார்த்த கட்டைகளால் எரியூட்டினார் விதுரர். அவர்களில் தம் பக்கம் நின்றவர், எதிர்ப்பக்கம் நின்றவர் என்ற பேதம் பார்க்கப்படவில்லை.

பிறகு எல்லோரும் கங்கைக் கரைக்குச் சென்று நீர்க்கடன் செய்தார்கள். கர்ணனுக்கும் நீர் வார்க்கும்படி குந்திதேவி தன் மூத்த மகனை வெளிப்படுத்திய இடமும் அந்தக் கரையே. வாழ்நாள் முழுதும் மறைத்து வைத்த உண்மையை, மகன் ஒரு கைந்நீர் இன்றிப் போய்விடக் கூடாதே என்பதற்காக அத்தாய் உடைத்தாள். நீர்க்கடனின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

குக்ரி மறைந்த கடலுக்கும் பாரதக் கதைக்கும் நெருங்கிய தொடர்பும் உண்டு. தியூவிலிருந்து கரையோரமாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால் பிரபாச க்ஷேத்திரம். சோமநாதர் கோயில் கொண்ட திருத்தலம். யாதவ வீரர்கள் தம்முள் போரிட்டு மடிந்த இடம் இதுவே. ஸ்ரீகிருஷ்ண பரமாத்மாவின் திருவடியில் வேடனின் அம்பு தைத்த இடமாகப் பால்கா தீர்த்தம் இங்கே வணங்கப்படுகிறது. செய்தி அறிந்து வந்த அர்ச்சுனன், பிரபாசக் கரையில் மாண்டு கிடந்தவர்களுக்கு ஒருவர் விடாமல் ஈமக்கடன் ஆற்றினான் என்று மௌசல பர்வம் சொல்கிறது. அதன்பின் துவாரகையைக் கடல் கொண்டது. ஹிரண், கபிலா, சரஸ்வதி ஆகிய நதிகள் கூடும் சோமநாதத் திரிவேணியில் இன்றும் மக்கள் பித்ரு காரியம் செய்கிறார்கள். அக்கரையில் வார்க்கும் நீர் சேரும் கடலும், குக்ரியின் வீரர்கள் உறங்கும் கடலும் ஒன்றே.

பிதாமகருக்கு எல்லோரும் பிள்ளைகள்

கடலில் மறைந்த வீரர்களில் மணமாகாத இளைஞர்கள் பலர் இருந்திருப்பர். பெற்றோர் இருந்தவரை அவர்களை நினைத்தார்கள்; உடன்பிறந்தோர் இருக்கும்வரை நினைப்பார்கள். அவர்களுக்குப் பின்?

இதற்கு விடையாக நம் பஞ்சாங்கத்திலேயே ஒரு நாள் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது பீஷ்மாஷ்டமி. ரத சப்தமிக்கு மறுநாளான வளர்பிறை அஷ்டமி. தந்தையின் விருப்பத்துக்காக மணவாழ்வைத் துறந்தவர் பீஷ்மர். நினைத்தபோது உயிர் துறக்கும் வரம் பெற்றவர். அம்புப் படுக்கையில் கிடந்து உத்தராயணத்துக்குக் காத்திருந்து உடல் நீத்தவர். அவருக்கு நீர் வார்க்க மகன் இல்லை. ஆகையால் அந்நாளில் எல்லோரும் அவருக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்று பெரியோர் வகுத்தனர். தந்தை உயிருடன் இருப்பவர்களும் இதைச் செய்யலாம் என்பது சிறப்பு விதி. பிள்ளையில்லாத ஒரு போர்வீரருக்கு நாட்டு மக்கள் யாவரும் பிள்ளைகளாகும் நாள் அது.

பீஷ்மரோடு இது நின்றுவிடவில்லை. மகாளய பக்ஷத்தில் தந்தை வழி, தாய் வழி முன்னோருக்குப் பின் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை வருகிறது. குரு, நண்பர், அண்டை வீட்டார், உதவி செய்தவர், பணி செய்தவர் என இரத்த உறவு இல்லாதோர்க்கும் அதில் இடம் உண்டு. அமாவாசைத் தர்ப்பணம் முடியும் தறுவாயில், தாயும் தந்தையும் நண்பரும் சுற்றமும் இல்லாமற் போனவர் எவராயினும் இந்த நீரால் நிறைவடையட்டும் என்ற பொருளில் மந்திரம் சொல்லி, தர்ப்பையை அவிழ்த்து நீர் விடுவதைப் பலரும் அறிவர். அவசரத்தில் வாய் மட்டும் சொல்லிப் போகும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றால், கடலடியில் இருப்போரின் முகங்கள் மனத்தில் எழும்.

மகாளயத்துச் சதுர்த்தசியைப் பஞ்சாங்கங்கள் சஸ்திரஹத பித்ரு மகாளயம் என்று தனியே குறிப்பிடுகின்றன. ஆயுதத்தால் உயிர் நீத்தவர்களுக்குரிய நாள் அது. போரில் மாண்டவர்களை மறவாதிருக்க ஆண்டுக்கொரு திதியையே ஒதுக்கி வைத்தார்கள் முன்னோர்.

கல்லில் செதுக்கிய கப்பல்

நீர் ஒருபுறம் இருக்க, வீரனுக்குக் கல் நடுவதும் பழந்தமிழர் கண்ட நெறி. கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நீர்ப்படுத்தி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய நடுகற்கள் பல இன்றும் நிற்கின்றன. நம் ஊர் எல்லையில் பொங்கலிட்டு வணங்கும் காவல் தெய்வங்கள் சிலருடைய கதையைக் கேட்டால், ஊருக்காக உயிர் விட்ட வீரனின் கதையாகவே அது இருக்கும்.

சௌராஷ்டிரத்திலும் இதே வழக்கம். அங்கே நடுகல்லுக்குப் பாளியா என்று பெயர். குதிரை வீரன், வாள் வீரன் என்று மாண்டவனின் உருவத்தைச் செதுக்கி, மேலே சூரியனும் சந்திரனும் பொறித்து, செந்தூரம் பூசி வழிபடுகிறார்கள். கடற்கரை ஊர்களில் உள்ள சில பாளியாக்களில் கப்பலின் வடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அவை கடலில் மாண்டவர்களுக்கானவை. மும்பையின் போரிவலியை அடுத்த எக்ஸர் என்னும் ஊரிலுள்ள வீரக்கற்களில் துடுப்புகள் வரிசையாக நீண்ட போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று தாக்குவதையும், மேல்வரிசையில் மாண்ட வீரர்கள் சிவலோகம் சேர்ந்து லிங்கத்தை வணங்குவதையும் காணலாம். உடல் கிடைக்காதவனுக்குக் கல்லே உடலாகிறது.

தியூவில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த குக்ரியின் வடிவமும் அந்தப் பாளியா மரபில் வந்ததென்றே கொள்ளத் தகும். 1999 டிசம்பர் 15ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கி 1989இல் மற்றொரு போர்க்கப்பல் பணியில் சேர்ந்தது. 32 ஆண்டுகள் கடலில் காவல் புரிந்து 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதையும் உருக்குக்கு விற்றுவிடாமல் தியூவுக்கே கொண்டுவந்து, மக்கள் கண்டு வணங்கும் நினைவகமாக ஆக்க 2022 ஜனவரியில் ஒப்படைத்தார்கள். தன் பெயரைத் தந்த கப்பல் மறைந்த கடலை நோக்கி அது வந்து சேர்ந்தது.

புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலும் தியாகச் சக்கரம் என்னும் வட்டச் சுவர்கள் உண்டு. விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கற்களில் பொன்னெழுத்துகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாரதப் போரின் சக்கர வியூகத்தை நினைவூட்டும் அந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்கள். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய வழக்கம் புதிய வடிவில் தொடர்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் இயன்றது

தியூவுக்கோ சோமநாதத்துக்கோ யாத்திரை செல்லும் அன்பர்கள் கங்கேஸ்வரரை வணங்கிய கையோடு சக்ர தீர்த்தக் கரையில் சற்று நின்று, அந்த 194 பேருக்காகவும் மனத்தால் நீர் வார்க்கலாம். அங்கே செல்ல இயலாதவர்களுக்கும் குறையில்லை. கடல்கள் யாவும் ஒன்றோடொன்று கலந்தவை. இராமேசுவரத்து அக்னி தீர்த்தத்திலோ, வேதாரண்யத்திலோ, தை, ஆடி அமாவாசை நாள்களில் நீராடித் தர்ப்பணம் செய்பவர்கள், தம் குலத்து முன்னோருக்குப் பின் இன்னும் ஒரு கைந்நீரைப் போரில் கடல் கொண்ட வீரர்களை நினைத்து விடலாம்.

குடும்பத்திலேயே அப்படி ஒருவரை இழந்து, திதி தெரியாமல் தவிப்பவர்கள் உண்டு. மாதம் தெரிந்து திதி தெரியாவிட்டால் அந்த மாதத்து அமாவாசையைக் கொள்வது வழக்கம். தேய்பிறை ஏகாதசியைக் கொள்வாரும் உளர். குல வழக்கத்தை வீட்டுப் புரோகிதரிடம் கேட்டுச் செய்வது நலம். தர்ப்பணம் செய்யும் வழக்கமில்லாத குடும்பங்களில் படையலிட்டுக் காகத்துக்கு அன்னம் வைப்பதும், சிவாலயத்தில் மோட்ச தீபம் ஏற்றுவதும், ஏழைக்கு ஒரு வேளை உணவிடுவதும் குறைந்தவை அல்ல. எள்ளும் நீரும் எளியவை. அவற்றை வார்க்கும் சிரத்தையே சிராத்தம் என்ற பெயருக்கே காரணமாயிற்று.

பேரக்குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய கடமை ஒன்றும் முதியோர்க்கு உண்டு. 1971ஆம் ஆண்டின் வானொலிச் செய்திகளைத் தம் காதால் கேட்ட தலைமுறை இன்று எழுபதைக் கடந்து நிற்கிறது. குக்ரி என்ற பெயரையும், தன் மிதவையைப் பிறருக்கு ஈந்த தலைவரின் பெயரையும், பெயர் தெரியாத மாலுமிகளின் தியாகத்தையும் அவர்கள் சொன்னால்தான் அடுத்த தலைமுறைக்குத் தெரியும். மாலை விளக்கேற்றியதும் இராமன் கதை சொல்லும் வேளையில் இந்தக் கதைக்கும் இடம் உண்டு.

குருக்ஷேத்திரத்தில் ஊர் பெயர் அறியாத வீரனுக்காகத் தருமர் சந்தனக் கட்டையும் நெய்யும் கொணரச் சொன்னார். தம் அரசு அத்தகைய எளியவனின் உயிரின் மேல் நிற்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். நாள்தோறும் அச்சமின்றிக் கோயிலுக்குச் சென்று திரும்பும் நமக்கும் அவனிடம் பட்ட கடன் உண்டு. வரும் அமாவாசையில் தர்ப்பையை அவிழ்க்கும்போது, அந்தக் கடைசிக் கைந்நீர் அவனுக்காக இருக்கட்டும்.